காவடிப் பதிவேடும் போஸ்ட்கிரெஸ் ரோல்களும்

மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் பக்கம் ஒரு கோவிலின் காவடிப் பதிவேட்டை போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வைத்திருக்கிறோம், தைப்பூசம் நெருங்க நெருங்கப் பதிவு செய்யும் தம்பி தங்கைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆளாளுக்குத் தனியாக உரிமை கொடுப்பது வீண் வேலை. லாகின் இல்லாத ஒரு ரோலை (உரிமைகளைச் சேர்த்து வைக்கும் ஒரு பெயர்) உருவாக்கி, செலக்ட் (படிப்பது), இன்சர்ட் (புதிதாகச் சேர்ப்பது) இரண்டையும் அதற்கே கிராண்ட் செய்து, ஆட்களை அதில் சேர்த்துவிடுங்கள். விழா முடிந்தால் ரிவோக் செய்து திரும்ப எடுத்துவிடலாம், அவ்வளவுதான். 8.1 பதிப்பிலிருந்தே யூசர், குரூப் எல்லாம் ரோல்தான்.

சரி, பெயர் விஷயம். இரட்டை மேற்கோளுக்குள் பெரிய ஆங்கில எழுத்துப் போட்டு டேபிளுக்குப் பெயர் வைக்கவே வைக்காதீர்கள், மேற்கோள் இல்லாத பெயரை போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக்கிவிடும், அப்புறம் எழுதுகிற ஒவ்வொரு குவெரியிலும் (தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளை) மேற்கோள் போட்டே தீர வேண்டும். ஒற்றை மேற்கோள் மதிப்புகளுக்கு மட்டும். தமிழிலேயே பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் பெயருக்கு வரம்பு 63 பைட். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், அதோடு சேரும் கால், கொம்பு போன்ற ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், 'காவடி'க்கே 15 போய்விடும். மீறினால் பிழை வராது, ஒரு நோட்டீஸ் காட்டிவிட்டு வாலை நறுக்கிவிடும்.