நெத்தோலித் துண்டும் ஒரு நொடியும்

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தை அடுத்த எங்கள் வீட்டுக்கு, ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு மாலையில், இரண்டு மாதம் நிறைந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயரிட்டோம்.

முதல் சில நாள்களில் அது வீட்டுக்குள் சிறுநீர் கழித்தபோதெல்லாம் பெயரைச் சொல்லி அதட்டினேன். ஐந்தாம் நாள் காலையில் பத்தாயத்தின் பின்புறம் ஈரமாக இருப்பதைக் கண்டேன்; நான் அருகில் சென்றதும் செவலை காதுகளை மடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிப் பதுங்கியது. வீடு கழிப்பிடம் அன்று என்று அது கற்கவில்லை, என் கண் முன்னால் கழிப்பது ஆபத்து என்றுதான் கற்றிருந்தது. போதாக்குறைக்கு, கூப்பிட்டவுடன் ஓடிவரப் பயன்பட வேண்டிய பெயரையும் அச்சத்தின் ஒலியாக்கியிருந்தேன். "அடியாத மாடு படியாது, மக்களே" என்று அம்மை பழமொழி சொன்னார். மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. அடிக்குப் பயந்து ஒளியும் குட்டிக்கு எதையும் கற்பிக்க முடியாது என்பது அன்று எனக்கு உறுதியாயிற்று.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, எந்தச் செயல் கதவைத் திறந்து உணவைத் தந்ததோ அந்தச் செயலையே அவை நாளடைவில் விரைந்து செய்வதைக் கண்டார். பின்னாளில் மற்றோர் உளவியலாளரான ஸ்கின்னர் விரிவாக்கிய இந்த முறையில், பரிசு எதன் பின்னால் உடனே வருகிறதோ அதுவே பாடமாகிறது. இதைப் படித்திருந்தும், அந்த 'உடனே' என்ற சொல்லின் கனம் எனக்குப் புரியவில்லை. செவலை முற்றத்தில் சிறுநீர் கழித்ததும் அடுக்களைக்கு அழைத்துச் சென்று தீனி கொடுத்தேன். இரண்டே நாளில் அது பாதி கழித்த நிலையிலேயே அடுக்களையை நோக்கி ஓடத் தொடங்கி, மீதியை நடைவழியில் விட்டது. அடுக்களைக்கு ஓடியதற்குத்தானே நான் பரிசளித்துக்கொண்டிருந்தேன்!

அதன்பின் தீனி வைத்த சிறு டப்பா ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். உறங்கி எழுந்தவுடன், தின்றவுடன், விளையாடி முடித்தவுடன், இவை தவிர பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று, குடையைப் பிடித்தபடி பலாமரத்தடியில் அதனோடு நின்றேன். அது கழித்து முடித்த அந்த நொடியிலேயே "நல்லது" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே ஒரு துண்டைக் கொடுத்தேன். "நல்லது" என்றால் தீனி வரும் என்பதை, அதற்கு முன்பே, சொல்லும் தீனியும் அடுத்தடுத்து வருமாறு பலமுறை பழக்கியிருந்தேன். ஆகவே கை டப்பாவுக்குள் போய்வரும் இடைவெளியைச் சொல் நிரப்பியது. தீனிக்கு உப்புக் கருவாடு ஆகாது. பச்சை நெத்தோலியை உப்பில்லாமல் வேகவைத்து, மொச்சைக் கொட்டையில் பாதியளவாகக் கிள்ளி வைத்துக்கொண்டால், ஒரு கைப்பிடி நாள் முழுவதற்கும் போதும். அந்த அளவை இரவுச் சோற்றில் குறைத்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ரப்பர் மரத்தடியில் கிடக்கும், பால் பிடிக்கும் சிரட்டையையும், அதில் உறைந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பாலையும் கவ்விக்கொண்டு ஓடுவது குட்டிகளுக்குப் பெருவிருப்பம். விழுங்கினால் குடலை அடைத்துவிடக்கூடும். துரத்தினால் அது விளையாட்டாகிவிடும், வாயைப் பிடித்துப் பிடுங்கினால் அடுத்தமுறை விரைந்து விழுங்கும். நான் குந்தி அமர்ந்து, மூக்கருகே நெத்தோலியை நீட்டினேன். மோப்பம் பிடித்து, அதைத் தின்ன வாயைத் திறந்ததும் சிரட்டை கீழே விழ, "நல்லது" என்றேன். அந்தச் செயல் பழகிய பிறகுதான் "விடு" என்ற சொல்லை அதனோடு சேர்த்தேன்.

தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல், கையில் தூக்கிக்கொண்டே பேருந்தின் இரைச்சலையும் கோயில் ஒலிபெருக்கியையும் அறிமுகப்படுத்தினேன். ஏறத்தாழப் பதினான்கு வாரம் வரையே புதியவற்றை எளிதில் ஏற்கும் பருவம் என்பதால், இதை மட்டும் தள்ளிப்போட இயலாது.

இன்னும் எங்களுக்குப் பிடிபடாதது மீன்காரரின் வண்டி. ஹாரன் கேட்டதும் செவலை குரைத்துக்கொண்டு பாயும். வண்டிக்கு அருகில் வைத்துப் பழக்கியபோது தீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவ்வளவு பதற்றத்தில் பாடம் ஏறாது என்பதால் தொலைவைக் கூட்டினேன். நேற்று நாற்பதடியில், வண்டியைப் பார்த்த செவலை குரைக்காமல் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. மூன்று துண்டுகள் கொடுத்தேன். இந்த வாரம் முழுவதும் அதே நாற்பதடியில்தான் நிற்கப்போகிறோம்.