ஒரு வேளையும் ஒருவேளையும்

ஹூஸ்டன் நகரில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராகச் சேர்ந்த புதிதில், ஸ்பானிய மொழியில் என்னை மிகவும் திணறடித்தவை நோய்களின் பெயர்கள் அல்ல. ‘வெஸ்’ என்னும் சிறு சொல்லைச் சுமந்து நிற்கும் தொடர்களே. ‘உனா வெஸ்’ என்றால் ஒரு தடவை, ‘ஆ வெஸெஸ்’ என்றால் சில சமயம், ‘ஆ லா வெஸ்’ என்றால் ஒரே நேரத்தில், ‘தால் வெஸ்’ என்றால் ஒருக்கால். ஏட்டில் தெளிவாகத் தெரிந்த இந்த வேறுபாடுகள், வரிசையில் பலர் காத்திருந்த ஒரு மாலையில், மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய ஒரு மூதாட்டி தாழ்ந்த குரலில் விரைந்து பேசியபோது என் காதில் ஒன்றாகவே விழுந்தன.

அவர் தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் வாங்குபவர். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் ‘ஆ லா வெஸ்’ என்றார். நான் அதை ‘ஆ வெஸெஸ்’ என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்று வற்புறுத்தி அனுப்பினேன். உண்மையில் அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை; இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவந்தார். கால்சியம் தைராய்டு மருந்தோடு குடலில் பிணைந்து அது உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். மருத்துவர் அளவைக் கூட்டி எழுதிய புதிய சீட்டோடு அவர் மீண்டும் வந்தபோதுதான், நான் எதைக் கேட்கத் தவறினேன் என்பது புரிந்தது. மருத்துவரை அழைத்து விவரம் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது.

‘வெஸ்’ என்பதைத் ‘தடவை’ என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்ததே என் பிழை என்று இப்போது நினைக்கிறேன். நம்முடைய ‘வேளை’ அதற்கு இன்னும் நெருக்கமானது. ஒரு வேளை மருந்து என்று பிரித்தால் அளவு, ஒருவேளை என்று சேர்த்தால் ஐயம். சில வேளை, அதே வேளை என்று மற்றவையும் அந்த ஸ்பானியத் தொடர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தின. அதன் பிறகு அவை எனக்குக் குழம்பவில்லை.

எழுத்தில் நேரும் மயக்கம் இன்னும் அஞ்சத்தக்கது. ஆங்கிலத்தில் ‘ஒரு முறை’ என்று பொருள்படும் ‘ஒன்ஸ்’ என்ற சொல்லின் அதே நான்கு எழுத்துகளை ஸ்பானியர் ‘ஒன்ஸே’ என்று படிப்பார்கள், அது 11. மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டைக் கணினி பாதி மொழிபெயர்த்து அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால், நாளுக்கு ஒரு தடவை என்பது நாளுக்குப் பதினொன்றாகிவிடும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக் கடைகளில் கணினி உருவாக்கிய ஸ்பானியச் சீட்டுகளை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, அவற்றில் பாதியில் பிழை இருந்ததைக் காட்டியது. ஆகவே அச்சாகி வரும் ஒவ்வொரு சீட்டையும் நான் வாய்விட்டுப் படித்த பிறகே புட்டியில் ஒட்டுகிறேன்.

குழந்தைகளுக்கான மருந்தில் ‘குச்சாராதா’ என்னும் பெரிய கரண்டி அளவு 15 மில்லி, ‘குச்சாராதீத்தா’ என்னும் சிறு கரண்டி அளவு 5 மில்லி; வால் போன்ற ஒரு விகுதி மூன்று மடங்கு வேறுபாட்டைத் தாங்கி நிற்கிறது. அதனால் கரண்டிக் கணக்கையே விட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைத் தாயின் கையில் கொடுத்து, தண்ணீரை உறிஞ்சிக் காட்டச் சொல்கிறேன். நீர்மட்டம் 5 என்ற கோட்டில் வந்து நின்ற பிறகே மருந்துப் புட்டியை அவரிடம் கொடுக்கிறேன்.