தலைகீழாக நின்ற எழுத்து

மெய்ப்புப் பார்க்கும், அதாவது அச்சுப் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது 19. மதுரையில், தனித்தனி எழுத்து அச்சுகளைக் கோர்த்து அச்சடிக்கும் ஒரு சின்ன லெட்டர்பிரஸ் அது. வாசலருகே ட்ரெடில் மிஷின், உள்ளே வரிசையாக எழுத்துக் கேஸ்கள், ஜன்னலோரம் எனக்கு ஒரு மேசை. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை சட்டையை விட்டுப் போகவே போகாது. எழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டர் அண்ணன் முதல் நாளே சொன்னார்: “தம்பி, கதை படிக்காதே, எழுத்தைப் பாரு. அர்த்தத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா கண்ணு தப்பை விட்டுடும்.”

மூன்றாம் மாதமே நான் ஒரு தப்பை விட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் ஆவணி 6 என்று இருக்க வேண்டிய இடத்தில், அந்த 6 தலைகீழாக நின்று 9 ஆகிவிட்டது. இங்கிலீஷ் தேதி சரி, கிழமை சரி, அதனால் என் கண் அதையும் சரி என்றே தாண்டிப் போய்விட்டது. 150 கார்டு ஓடிய பிறகு மிஷின்காரர் பார்த்து நிறுத்தினார். யாரும் திட்டவில்லை. ஆனால் அந்தக் கார்டுகளைக் கட்டி மூலையில் போட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் சில வாரங்களில், ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வுக்கு எழுதிய குறிப்புரையை அச்சடிக்க வந்தார். அதில் ஒரு குறிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. மனைவியைக் கொன்றுவிட்ட ஒத்தெல்லோ, தன் உயிரை மாய்த்துக்கொள்வதற்கு முன், அருமை தெரியாமல் முத்தை வீசி எறிந்த ஒருவனோடு தன்னை ஒப்பிட்டுப் பேசுவான். 1622இல் வந்த சிறு பதிப்பில் அவன் ‘இண்டியன்’ (Indian), இந்தியன். மறுவருஷம் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய தொகுப்பில் அவன் ‘யூடியன்’ (Iudean), யூதேயாக்காரன். அன்றைய ஆங்கில அச்சில் ‘ஐ’யும் (I) ‘ஜே’யும் (J) ஒரே எழுத்துதான். மீதி வித்தியாசம் இரண்டே எழுத்து. அதில் ஒன்று, ‘என்’ (n) தலைகீழாக நின்றால் ‘யு’ (u).

“சார், இது எங்க 6, 9 மாதிரியே இருக்கே!” என்றேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, அரை மணி நேரம் அந்தப் பெரிய தொகுப்பின் கதையைச் சொன்னார். அன்று தொடங்கிய ஈடுபாடு இன்னும் விடவில்லை.

ஷேக்ஸ்பியர் 1616இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் இறந்தார். தன் நாடகங்களைப் பற்றி உயிலில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நாடகக் குழுவில் கூட வேலை பார்த்த மூன்று நடிகர்களுக்கு, ஜான் ஹெமிங்ஸ், ரிச்சர்ட் பர்பேஜ், ஹென்றி காண்டெல், ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ், நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள என்று எழுதியிருந்தார். அதுவும் வரிகளுக்கு இடையில் பிறகு சேர்த்தது. பர்பேஜ் 1619இல் போய்விட்டார். மற்ற இருவரும் நாடகங்களைத் திரட்டி, 1623இல் 36 நாடகங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதுதான் அந்தப் பெரிய தொகுப்பு. அவற்றில் 18 அதற்கு முன் அச்சேறாதவை. ‘மேக்பெத்’, ‘ஜூலியஸ் சீசர்’, ‘தி டெம்பெஸ்ட்’ எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இலக்கிய உலகம் ஷேக்ஸ்பியரின் மேதைமையைப் பேசுகிற அளவுக்கு இந்த இரண்டு நடிகர்களைப் பேசுவதில்லை என்பது என் தீராத வருத்தம்.

அச்சடித்தது லண்டனில் ஜாகர்டு என்பவரின் அச்சகம். வில்லியம் ஜாகர்டுக்குக் கண் பார்வை போயிருந்தது. புத்தகம் வெளிவரும் தறுவாயில் அவரும் இறந்தார். மகன் ஐசக் முடித்தார். ஏறத்தாழ 900 பக்கம். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தாளை எடுத்துப் படிப்பார். பிழை கண்டால் நிறுத்தி எழுத்தை மாற்றுவார்கள். ஆனால் அதற்குள் அச்சான தாள்களை எறிவதில்லை, காகிதம் அத்தனை விலை. அவையும் புத்தகத்தில் சேர்ந்து தைக்கப்படும். எங்கள் 150 கார்டு மூலைக்குப் போனது, அவர்களுடைய தப்புத் தாள்கள் நூலகங்களுக்குப் போயின.

இதையெல்லாம் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு சார்ல்டன் ஹின்மன் என்ற அமெரிக்கருக்கு. வாஷிங்டனில் ஃபோல்ஜர் நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் 82 பிரதிகள் இருக்கின்றன. கண்ணாடியும் விளக்கும் வைத்த ஒரு கருவியைத் தானே செய்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். எந்தப் பக்கத்தை எந்தக் கம்போசிட்டரின் கை கோர்த்தது என்றுகூட ஆராய்ந்தார். அதில் ஒரு கை தடுமாறுகிற கை, வேலை பழகும் பையனுடையது. அவன் பக்கங்களில்தான் திருத்தம் அதிகம். அந்தப் பையனை நினைக்கும்போதெல்லாம் என் ஸ்டூலும் மேசையும் ஞாபகம் வரும்.

அர்த்தத்தைப் பார்க்காதே என்ற அண்ணனின் பாடம் எப்போதும் செல்லுமா என்றும் யோசித்திருக்கிறேன். ‘ஐந்தாம் ஹென்றி’யில் கிழவன் ஃபால்ஸ்டாஃப் சாகும் நேரத்தை ஒரு பெண் விவரிப்பாள். அவன் மூக்கு பேனா முனை போலக் கூர்ந்துவிட்டது என்பாள். அடுத்து அந்தத் தொகுப்பில் இருப்பது, ‘பச்சை வயல்களின் மேசை’ என்று பொருள்படும் வார்த்தைகள். ஒன்றும் புரியாது. லூயிஸ் தியோபால்டு என்ற பதிப்பாசிரியர், அது ‘பச்சை வயல்களைப் பற்றிப் பிதற்றினான்’ என்றிருக்க வேண்டும் என்று 1726இல் சொன்னார். கையெழுத்தைக் கம்போசிட்டர் வேறாகப் படித்திருப்பார் என்பது அவர் ஊகம். இன்று பெரும்பாலான பதிப்புகளில் அப்படித்தான் அச்சாகிறது. மேசையை எடுத்ததும் அங்கே ஒரு கிழவன் வந்துவிட்டான், மரணப் படுக்கையில் வயல் பேசுகிறவன். எழுத்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அவன் அகப்பட்டிருக்க மாட்டான். ‘முத்தை எறிந்தவன்’ யார் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.

லெட்டர்பிரஸ் போய், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி வந்து, நான் ஓய்வும் பெற்றுவிட்டேன். போன மாதம் மகள் தன் கம்ப்யூட்டரில் அந்தத் தொகுப்பின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ‘ஆண்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தில் ஒன்று, தப்பிப் பிழைத்த மெய்ப்புத் தாள். அச்செழுத்தின் மேல் மையால் இழுத்த கோடு, ஓரத்தில் திருத்தக் குறி. நானும் அப்படித்தான் இழுப்பேன்.