பிஞ்சிலேயே பறிக்கலாம்

மொட்டைமாடியில் காய்கறி போட்டால் காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளர்ப்புப் பை, தென்னைநார்க் கட்டி, மண்புழு உரம், மூங்கில், நைலான் கயிறு என்று 2024 ஆடியில் செலவானதையெல்லாம் என் கணவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பணத்துக்குப் பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டில் வருஷம் முழுக்கக் காய் வாங்கியிருக்கலாம் என்பது அவர் கட்சி. நான் மறுக்கவில்லை. ‘நஞ்சில்லாத உணவு’ என்ற பெருமையும் எனக்கு ஒட்டவில்லை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடையில்தானே வாங்குகிறோம்?

எனக்குக் கிடைத்த லாபம் வேறு. காயை எப்போது பறிப்பது என்பதை நானே முடிவு செய்யலாம்.

வெண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பூ விரியும், பொழுது சாய்வதற்குள் சுருங்கிவிடும். பூத்த ஐந்தாறு நாளில் காய் பதத்துக்கு வரும். இன்னும் இரண்டு நாள் விட்டால் நார். ஆனால் எடை போட்டு விற்கிறவருக்கு அந்த இரண்டு நாள்தான் வரும்படி. அதனால்தான் நாம் கடையில் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்து, கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். மாடியில் அந்தச் சண்டை இல்லை. விரல் நீளத்திலேயே பறித்து, நறுக்காமல் முழுசாக மோர்க்குழம்பில் போடுகிறேன்.

சுரைக்காய்க்கு என் மாமியார்தான் வாத்தியார். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் கூரை மேல் சுரையும் பூசணியும் ஏற்றிவிட்டவர். என் மாடிக் கொடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்ததே தவிர ஒரு பிஞ்சும் காணோம். அத்தையிடம் கேட்டேன். “அதெல்லாம் ஆண் பூம்மா. பொம்பளப் பூவுக்கு அடியில குட்டியா காய் இருக்கும், பாரு” என்றார். கொடியின் நுனியைக் கிள்ளிவிடவும் சொன்னார். கிள்ளினால் பக்கக் கிளை வரும், பெண் பூ பெரும்பாலும் அதில்தான் வரும். இணையத்தில் மாடித்தோட்டக்காரர்கள் இதற்கு ‘3ஜி கட்டிங்’ என்று பெயர் வைத்து ஆளுக்கொரு வீடியோ போட்டிருக்கிறார்கள். அத்தையிடம் காட்டினேன், சிரித்தார்.

பெண் பூ வந்தது, ஆனால் பிஞ்சுகள் மஞ்சளாகிக் கொட்டின. சுரைப்பூ அந்தி நேரத்தில் மலர்வது. அந்த நேரத்துக்குத் தேனீ வேலை முடித்துப் போயிருக்கும். அந்துப்பூச்சி வர வேண்டும், எங்கள் இரண்டாம் மாடிக்கு அது அவ்வளவாக வருவதில்லை. சரி, நாமே செய்வோம் என்று அலுவலகத்திலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் மேலே ஏறிவிடுவேன். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தம் பெண் பூவின் நடுவில் ஒட்டும்படி மெதுவாகத் தடவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து நாளில் மேலே பூனை முடி இருக்கும்போதே, நகம் சுலபமாக இறங்கும் பதத்திலேயே பறித்தால் தோலைக்கூடச் சீவ வேண்டாம். விதையும் முற்றியிருக்காது. கடையில் இப்படி ஒரு சுரைக்காயை நான் பார்த்ததே இல்லை.

பூச்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும். மஞ்சள் நரம்பு நோய் வந்த வெண்டையைப் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. வெள்ளை ஈ அதைப் பக்கத்துச் செடிக்கும் கொண்டுபோய்விடும். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவு ஊறவைக்கும் மீன் அமிலம் என்ற உரம் நல்ல சரக்குதான், ஆனால் கீழ்வீட்டுக்காரர்களோடு நல்ல உறவு வேண்டுமென்றால் மூடியை இறுக்கமாகப் போடுங்கள்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்றார்கள். 29ஆம் தேதி மாலை நானும் அத்தையும் மேலே போய், கொடியிலும் செடியிலும் இருந்ததையெல்லாம் பறித்தோம். கட்டைவிரல் அளவு கத்தரி, உள்ளங்கை அளவு சுரை. “இது பாவம்மா” என்று அத்தை ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். மறுநாள் இரவு புயல் கரையேறியது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. பந்தல் மூங்கிலோடு சாய்ந்தது, அத்தை விட்டுவைத்ததும் போயிற்று. மின்சாரம் இல்லாத வீட்டில் அந்தப் பிஞ்சுகளைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்துச் சாப்பிட்டோம். நோட்டு எழுதுகிறவர்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு கத்தரி மட்டும் உயிரோடு நின்றது. மார்கழியில் கவாத்து செய்துவிட்டேன், இப்போது துளிர்த்துப் பூவும் விட்டிருக்கிறது. தக்காளிக்கு இனிமேல் என் மாடியில் இடமில்லை. மழையில் வெடித்து, மிச்சத்தையும் புழுவுக்குக் கொடுத்து, போதும். அந்தப் பைகளில் கொத்தவரை போடப் போகிறேன். வெயிலுக்குத் தாங்கும், அதையும் பிஞ்சாகப் பறித்தால்தான் நார் இருக்காது. விதைக்கு அத்தை ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்.