மாடி வீட்டு ஜன்னலும் என் நொச்சி வேலியும்

பக்கத்து மனையில் மாடி வீடு எழும்பியதும், கொல்லையில் நின்று பல் தேய்க்கக்கூட கூச்சமாகிவிட்டது. மறைப்புக்கு என்ன வேலி வைக்கலாம் என்று நர்சரியில் கேட்டால் கோனோகார்பஸ் மரம் வை, ஆறே மாதத்தில் சுவர் மாதிரி வந்துவிடும் என்றார்கள். வேகமாக வளரும், உண்மைதான். ஆனால் வேர் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போகும். குஜராத் அரசு 2023-லேயே தடை போட்டது, பிறகு தமிழ்நாட்டிலும் தடை வந்துவிட்டது.

சரி, நம் ஊர்ச் செடியே போதும் என்று நொச்சியும் ஆடாதோடையும் கலந்து வைத்தேன். இரண்டையும் ஆடு கடிக்காது, கிளையை ஒடித்து நட்டாலே துளிர்த்துவிடும், காசு செலவே இல்லை. புரட்டாசிக் கடைசியில் பென்சில் கனத்துக் குச்சிகளை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி, ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசையாக, முன் வரிசைச் சந்தில் பின் வரிசைக் குச்சி வருமாறு நட்டேன். மற்றதை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது.

நான் செய்த தப்பு, சீக்கிரம் உயரட்டும் என்று நுனி கிள்ளாமல் விட்டதுதான். மேலே அடர்த்தி, கீழே வெறும் குச்சி! தெருநாய் தாராளமாகப் போய்வந்தது. அப்புறம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன், அடியிலிருந்து பக்கக்கிளை வெடித்தது. இப்போது அடி அகலமாகவும் தலை கொஞ்சம் ஒடுங்கியும் இருக்கும்படி கத்தரிக்கிறேன், அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். மாடி ஜன்னல் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. ஆனால் மார்கழிச் சளிக்கு ஆவி பிடிக்க நொச்சி இலை கேட்டு அந்த வீட்டு அக்காவே வந்துவிட்டார்.