இப்போதைக்கு வேண்டாம்

"இப்போதைக்கு வேண்டாம்" என்றுதான் சொன்னேன். "இனிமேல் வேண்டாம்" என்று சொல்லவில்லை. மூன்று வருடங்களாக இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

புழுவுக்கு எதிரான தடுப்பூசி ஆராய்ச்சிக்காக ஓர் ஆட்டுக்காரரின் ஆடுகள் சிலவற்றுக்கு ஊசி போட்டிருந்தோம். அவர் கேட்டது இதுதான்: "ஊசி போட்டுவிட்டீர்களே டாக்டர், இனிப் புழு மருந்து ஊற்ற வேண்டாம்தானே?" என் கவலை வேறு. மருந்து ஊற்றினால், புழுக்கையில் புழுவின் முட்டை குறைந்தது ஊசியாலா மருந்தாலா என்று தெரியாமல் போய்விடும்.

ஆட்டின் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் புழு ஒன்று, ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் எடுக்கும். 5000 புழு இருந்தால் கால் லிட்டர். அதன் குடல் புரதத்தை ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால் ஆட்டின் ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், உண்டாகும். புழு ரத்தத்தோடு அதையும் குடித்துக் கெடும். ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிலையம் இதைச் சாதித்து, 2014இல் ஆஸ்திரேலியாவில் பார்பர்வேக்ஸ் என்ற தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. அதற்கான புரதத்தை, அறுத்த ஆடுகளின் இரைப்பையில் சேகரித்த புழுக்களிலிருந்து பிரிக்கிறார்கள். ஆட்டைக் காக்க ஆட்டுக்குள்ளேயே புழு வளர்க்கும் வேடிக்கை! பாக்டீரியாவில் தயாரித்த அதே புரதம் பலருக்கும் கைகொடுக்கவில்லை. தெரிந்தும் நாங்கள் பாக்டீரியாவில்தான் தயாரித்தோம். மலிவு.

ஆன்டிபாடி என்னவோ நன்றாக ஏறியிருந்தது. அந்தப் பூரிப்போடுதான் அன்று கிடைக்குப் போனேன். வாய் சொல்லாததை முகம் சொல்லியிருக்கும்.

ஐப்பசி மழையில் ஓடை பெருகி, ரத்தம் குறைந்து கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை போக முடியவில்லை. அடுத்து போனபோது ஊசி போட்ட இரண்டு பெட்டைகள் செத்திருந்தன. இன்னொன்றுக்குத் தாடை வீங்கித் தொங்கியது. முட்டை எண்ணிக்கை, ஊசி போட்டதிலும் போடாததிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்றே எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றினோம்.

இமை வெளுத்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. நானே படித்துக் காட்டியிருந்தேன். அவர் செய்யவில்லை. ஊசி போட்ட ஆடுதானே என்று இருந்துவிட்டாராம். அப்படி இருக்க வைத்தது யார்? படிவம் இல்லை. ஆனால் ஆராய்ச்சி என்று சொல்லித்தானே போட்டோம்? இந்த வழக்கை இரவில் நானே இரண்டு பக்கமும் வாதாடுகிறேன்.

இழப்பீட்டை எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு வேண்டியது கிடைத்ததா டாக்டர்?" என்று கேட்டார். குத்தலாகத் தெரியவில்லை. கிடைத்தது என்றேன். வேலை செய்யாது என்பதும் ஒரு முடிவுதானே.