இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ்

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு என் மூன்று வயது மகனுக்குப் பேதி ஆரம்பித்தது. இரண்டு மணிக்குள் ஆறு தடவை. அத்தை பதற்றத்தில் ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டைப் பிரித்து ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டிவிட்டார்.

"அத்தை, இது ஒரு லிட்டருக்கு."

"கெட்டியா இருந்தாத்தானேம்மா பிள்ளைக்குத் தெம்பு?"

அதைக் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைத்தேன். விளக்கிச் சொல்ல அப்போது கை ஒழியவில்லை.

அந்தச் சர்க்கரை தெம்புக்கு இல்லை. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, உப்பு அதைத் தானாகத் தாண்டாது. சிறுகுடல் செல்களின் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் வந்து ஒட்டினால், வெளிப்பக்க வாய் மூடி உள்பக்கம் திறக்கும். செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்ப் சோடியத்தை ஓயாமல் ரத்தத்தின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால் உள்ளே சோடியம் எப்போதும் குறைவு. அந்தக் குறைவுதான் சோடியத்தை உள்ளே இழுக்கிறது, குளுக்கோஸும் கூடவே போகிறது. உப்பும் சர்க்கரையும் போன வழியே தண்ணீரும் போகும். சோடியமும் குளுக்கோஸும் இப்படிச் சேர்ந்து போவதை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரில் ஒரு கூட்டத்தில் சொன்னார்.

எம்.எஸ்சி.யில் இதைப் படமாக வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் என்னை இன்றும் நெகிழவைப்பது வேறு. காலரா நச்சு, குடல் செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் வாய்க்காலைத் திறந்துவிட்டு உடம்பின் தண்ணீரையெல்லாம் வெளியே கொட்டவைக்கும். இந்தப் புரதத்தை மட்டும் அது தொடுவதில்லை. அந்த ஒரு வழி திறந்தே இருக்கிறது.

1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்த, மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலரா. சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலைப் பெரிய டிரம்களில் வைத்து, உறவினர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே வந்தது.

கெட்டியாகக் கரைத்தால் குடலில் தங்கும் சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். அதனால்தான் 2002-ல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் மொத்த அடர்த்தியை லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலிலிருந்து 245-ஆகக் குறைத்தது. அதில் லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல், சரிசமம்.

ஸ்பூன் ஸ்பூனாக விடியும்வரை கொடுத்தோம். ஆறரை மணிக்குப் பிள்ளை மூத்திரம் போனான். அத்தைதான் முதலில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.